கரையான் ஏறிய சுவர்

ஊரார் வீட்டுக் கரையானையெல்லாம் ஒழித்துக்கட்டுகிற ஆள் வீட்டிலேயே கரையான் ஏறினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? மருந்தடிப்பவருக்கு முதலில் வந்தது மானம் போகிற கவலைதான். பிறகுதான் அந்த மண்கோடுகளை நின்று பார்த்தார். படுக்கையறைச் சுவரில் அவை ஒரு பெண்ணின் தலையையும் தோளையும் சுற்றி ஏறி இறங்கியிருந்தன. பக்கத்தில், இடுப்பளவில் இன்னொரு சின்ன உருவம். அவருக்குக் குலை நடுங்கியது.

அவர் மனைவி நடுங்கவில்லை. மகள் காய்ச்சலில் போனதிலிருந்து ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடாதவள், அன்று சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னையும் பாப்பாவையும் யாரோ வரைஞ்சிருக்காங்க பாருங்க. இதெல்லாம் தானா வருமா?"

"தானாத்தான் வரும். கரையானுக்குப் படம் போடவா தெரியும்? அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஈரம். நீ நாள் பூரா அங்கதானே சாஞ்சு கெடக்குற? உன் வேர்வை ஊறிப் போயிருக்கு. அந்த ஈரத்தோட ஓரமா ஏறுது, அவ்வளவுதான்."

"அப்ப பாப்பா?"

"அவளும் சாஞ்சு விளையாடின இடம்தானே? பழைய வேர்வை."

அவள் கேட்டால்தானே! சுவரோடு பேசவும் ஆரம்பித்துவிட்டாள். இப்படியே விட்டால் இவளும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம்: எடுத்த எடுப்பில் மருந்தடிக்க மாட்டார். கோட்டைச் சுரண்டிவிட்டு, மறுபடி எங்கே ஏறுகிறது என்று பார்ப்பார். ஏறுகிற இடத்தில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதையே அவளுக்கும் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். சுவரைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, மின்விசிறி வைத்துக் காயவிட்டார். அறையைப் பூட்டி, அவளை அவளுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பினார்.

"ஒண்ணும் ஏறாது பாரு. ஏறலன்னா நீ ஒழுங்கா சாப்பிடணும்."

"சரி, சாப்பிடுறேன்."

ஒரு வாரம் கழித்துப் பூட்டைத் திறந்தார். பெரிய உருவம் இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. அப்பாடா, நான் சொன்னது சரிதான் என்று மார்தட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சின்ன உருவம் மட்டும் மறுபடி ஏறியிருந்தது. மண் இன்னும் காயவில்லை.

குழாய் கசிகிறதா? அந்தச் சுவரில் குழாயே கிடையாது. மழையா? ஒரு சொட்டுப் பெய்யவில்லை. பழைய வேர்வை என்று சொல்லவும் வாய் வரவில்லை; கழுவியது அவர் கைதானே. யாரோ வரைந்தது என்று நம்புகிறவராக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். பாவம், அவர் நம்பியது ஈரத்தை.

மண்டியிட்டு, அந்தச் சின்ன உருவத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

கொண்டுவந்த மருந்துப் பம்பைத் தொட மனம் வரவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஏறலதானே?" என்றாள் அவள் எடுத்ததும். "சொன்ன மாதிரி சாப்பிட்டுத் தொலைக்கிறேன்."

"சாப்பிட்டுட்டு உடனே கிளம்பி வா," என்றார் அவர். "பாப்பா தனியா நிக்கிறா."