இன்ஜின் மட்டும் சேராது

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரரின் அக்கா இறந்து ஒன்பதாம் நாள், அவர் காரைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மழைத்தண்ணீர் வடிந்திருந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. கதவைத் திறந்ததும் ஈர நாற்றம் குப்பென்று அடித்தது. சர்வேயர் சீட்டை அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்தார்.

"தண்ணி நிக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இந்தக் கேள்வி வரும், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க என்று பக்கத்து வீட்டுக்காரர் முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"மூணு தடவ போட்டேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அக்கா இறந்த அன்று, விடிந்தும் விடியாமலும் அக்கா வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். "அக்காவுக்கு மூச்சு இழுக்குதுப்பா, உடனே வா." இவர் தண்ணீரில் இறங்கிக் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் தடவை ஒரு சத்தம், அடுத்ததில் ஒரு உலுக்கல், மூன்றாவதில் ஒன்றுமில்லை. மெயின் ரோடு வரை நடந்து, வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். அன்றும் அவர் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. கடையைத் திறந்தார், லென்ஸ் மாட்டினார், மூடினார்.

மாடிக்கு வந்து சர்வேயர் பாலிசியைப் பிரித்தார். "வெள்ளத்துல நனைஞ்ச சீட்டு, ஒயரிங் எல்லாம் இதுல சேரும். தண்ணியில ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் உடைஞ்சா சேராது. அது வெள்ளம் பண்ணது இல்ல, நீங்க பண்ணது. இன்ஜினுக்குத் தனியா கவர் எடுத்திருந்தா வேற கதை. நீங்க எடுக்கல."

அவர் விரல் வைத்த வரியை இவர் குனிந்து பார்த்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பொடி எழுத்தைத் தெளிய வைக்கிற மனுஷன், இந்தப் பொடி எழுத்தைப் படித்ததே இல்லை.

"முதல் தடவையிலயே கெட்டிருக்குமா, இல்ல மூணாவதுலயா?"

"முதல் தடவையே போதும் சார்."

"போடாம இருந்திருந்தா?"

"அப்பவும் தண்ணியில வண்டி நகர்ந்திருக்காது."

தலையாட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சர்வேயர் படியிறங்கியதும் மனைவி பொரிந்து தள்ளினாள். "இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"கேட்டாரு. சொன்னேன்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். தட்டை எடுத்து வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சர்வேயர் சொன்னபடிதான், இன்ஜினை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கொடுத்திருந்தார்கள். காரை, பழைய வண்டி வாங்குகிறவர் கயிறு கட்டி இழுத்துப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் கடைக்குக் கிளம்பியவர், வழியில் அக்கா வீட்டு நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். ஏன் இறங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தெருவுக்குள் போகவில்லை. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றார், வந்ததும் ஏறிக்கொண்டார்.