ஓட்டுநரின் பிறந்த வருடம்

அரசாங்க முதியோர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இனி இங்கேயும் செல்லும், அட்டைக்கு இங்கேயே பதிந்துகொள்ளலாம் என்று டாக்டரம்மா தன் கிளினிக் வாசலில் எழுதி ஒட்டிய அன்று ஊரே சந்தோஷப்பட்டது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

அட்டைக்கு அறுபத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவரை அவருக்கு அறுபத்தேழு. உண்மையில் அறுபத்து மூன்று. தையல் கடையில் வேலை பார்த்த பெண்ணைப் பிடித்துப்போய் அவர் பெண் கேட்கப் போனபோது, அவளுடைய அப்பா முதலில் கேட்டதே வயதைத்தான். பெண்ணைவிட இரண்டு வயது சின்னவன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். வாய் தானாக நான்கு வருடத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டது.

அதன்பிறகு லைசென்ஸை மனைவி கண்ணில் காட்டாமல் காலம் தள்ளினார். நிஜ வயது அறுபதில் ஓய்வு கொடுத்தபோதும், "நல்ல டிரைவருன்னு நாலு வருஷம் கூடுதலா வச்சிக்கிட்டாங்க" என்று சமாளித்தார்.

மனைவி தன் அட்டையை வாங்கிவிட்டாள். சர்க்கரைக்கு மருந்து வாங்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை என்பதில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "உங்களுக்கும் போட்டுரலாம். கால் வீங்கிக் கெடக்கு, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்று தினமும் நச்சரித்தாள். வரிசை பெரிசு, போட்டோ சரியில்லை என்று அவரும் தினமும் ஒரு சாக்குச் சொன்னார்.

டாக்டரம்மாவைப் பார்க்க அவளுடைய முறை வந்த நாளில் துணைக்குப் போனார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் தன் அட்டையை நீட்டிய மனைவி, பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள். அவர் ஒளித்து வைத்திருந்த லைசென்ஸ்! டிரைவர் அதைப் பிடுங்கக் கை நீட்டுவதற்குள் அது மேஜையின் அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தப் பெண் பிறந்த தேதியைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, ஐயாவுக்கு இன்னும்…" டிரைவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் புரிந்துகொண்டாள். "கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா."

"கம்ப்யூட்டரு நல்லாத்தான் இருக்கும். இவருக்கு வயசு பத்தலேன்னு சொல்லுது, அதானே?" என்றாள் மனைவி.

டிரைவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "உனக்கு… எப்படி?"

"கல்யாணமான மாசமே உங்க அக்கா சொல்லிட்டாங்க."

"இத்தனை வருஷமா ஏன் வாயத் திறக்கல?"

"பெரிய மனுஷன் மாதிரி இருக்க நீங்க பட்ட பாடு இருக்கே, அதைப் பாக்க நல்லா இருந்துச்சு. காதோரம் மொத நரை வந்தப்ப ஊரெல்லாம் காட்டிட்டு வந்தீங்களே!" அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அதுக்காக டாக்டர்கிட்டயே வராம ஒளிஞ்சா எப்படி? அட்டை ரெண்டு வருஷம் கழிச்சு வரட்டும். கால் அதுவரைக்கும் காத்திருக்குமா? எழுந்திருங்க."

உள்ளே டாக்டரம்மா அவர் கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க. மாத்திரை தரேன், உப்பைக் குறைங்க. வயசு?"

பேனா காத்திருந்தது. டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அறுபத்து மூணு" என்றார். நாற்பது வருடத்தில் அவள் முன்னால் முதல் தடவை. முழு பஸ்ஸை நிறுத்தத்தில் காலி செய்ததுபோல நெஞ்சு லேசானது.

வெளியே வந்ததும் படி இறங்கத் தடுமாறியவரின் கையை அவள் பிடித்தாள். "பாத்து வாங்க தம்பி."

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். டிரைவர் மூச்சு முட்டச் சிரித்தார். "சரிங்கக்கா" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு, அவள் கையை விடாமலே தெருவைக் கடந்தார்.