பலெர்மோ பெட்டி

ரோமிலிருந்து வந்த ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளியதுமே பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். சிசிலித் தீவுக்குப் போக மெசினா நீரிணையைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மேல்தளத்துக் கடைக்குப் போய் அரஞ்சீனி வாங்கித் தின்னாதவன் சிசிலிக்காரனா என்ன? எண்ணெயில் பொரித்த அரிசி உருண்டைதான். ஆனால் அந்தச் சூடு நாக்கில் பட்டால்தான் ஊர் வந்துவிட்டது என்று மனசு ஒத்துக்கொள்ளும்.

வெனேரா மட்டும் அசையவில்லை. அவள் மடியில் கைக்குழந்தை தூரி தூங்கிக்கொண்டிருந்தான். பெற்றெடுத்த நாளிலிருந்து அவனை அவள் விட்டுப் பிரிந்ததே இல்லை. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்துதான் வைப்பாள்.

"குடு இங்க. நான் என்ன அவன முழுங்கிடவா போறேன்?" என்றான் கணவன் சாரோ. "போய் ரெண்டு வாங்கிட்டு வா. எனக்குக் கறி வச்சது."

"முழிச்சிட்டான்னா?"

"நான் பாடுறேன்."

"நீ பாடினா இன்னும் அழுவான்."

"அதுக்குள்ள நீ வந்துரு. போ தாயே!"

கப்பல் விளக்கு குழந்தையின் கண்ணில் படாமல் இருக்க, சாரோ அவனுடைய மஞ்சள் துண்டைச் சன்னலில் தொங்கவிட்டான். வெனேரா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேலே காற்று ஆளையே தூக்கியது. துறைமுக வாசலில் தூண்மேல் நிற்கும் மாதா கண்ணில் பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு இவள் பிள்ளையை இறக்கிவைத்துவிட்டுக் கை வீசி நிற்கிறாள்! அரஞ்சீனிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கப்பல் ஊதியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

எல்லோரும் முண்டியடிக்க, அவளும் கண்ணில் பட்ட படிக்கட்டில் இறங்கினாள். கீழே பெட்டிகள் ஒரே மாதிரி வரிசை வரிசையாக நின்றன. ஏறித் தன் இருக்கைக்குப் போனாள். அங்கே ஒரு பருத்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பிள்ள எங்க?"

"எந்தப் பிள்ளம்மா?"

"இங்கதான் இருந்தாங்க! என் புருஷன், கைக்குழந்த..."

"நீ எந்த ஊருக்குப் போகணும்?"

"கதானியாவுக்கு!"

"அட கடவுளே! இது பலெர்மோ பெட்டியாச்சே. கதானியா பெட்டியெல்லாம் அடுத்த வரிசையில இல்ல நின்னுச்சு!"

வெனேரா கதவுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. பெட்டி குலுங்கி நகரத் தொடங்கியது. போனை எடுத்தாள், அந்த இரும்புக் குகைக்குள் சிக்னலாவது, மண்ணாவது. கரையேறியதும் வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும்; பலெர்மோ ஒரு மூலை, கதானியா ஒரு மூலை. பிள்ளை பாலுக்கு அழும் நேரம். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. காற்று வாங்கப் போனேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"அழாதீங்கம்மா. மெசினா ஸ்டேஷன்ல ரெண்டு வண்டியும் நிக்கும்."

"அவங்க பெட்டி முன்னாலயே இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு. இஞ்சின் மாட்டியிருந்தா கிளம்பியிருக்கும். ஆனா நம்ம வண்டி என்னிக்கும்மா நேரத்துக்குக் கிளம்பிச்சு?"

அவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. சன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். பெட்டி ஸ்டேஷனுக்குள் ஊர்ந்தது. நடைமேடையின் மறுபக்கம் ஒரு வண்டி நின்றது. அதன் சன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒன்றில் மஞ்சள் துண்டு தொங்கியது.

"அதான்! அதேதான்!" என்று கத்தினாள்.

"கதவத் திறங்கய்யா! ஓடு பிள்ள, ஓடு!" என்று ஆரஞ்சு அம்மாளும் கூடக் கத்தினாள்.

நடைமேடையை எப்படித் தாண்டினாள் என்று வெனேராவுக்கே தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தால், சாரோ வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சில் தூரி அசையாமல் தூங்கினான். அப்பனுக்கும் தெரியவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை! போன உயிர் திரும்பி வந்தது. தொப்பென்று உட்கார்ந்து தேம்பினாள். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

சாரோ கண்ணைத் திறந்தான். "வந்துட்டியா? கறி வச்சதுதானே?"

அவள் பொட்டலத்தை நீட்டினாள். அவள் பிடித்த பிடியில் அது நசுங்கிச் சப்பையாகிப் போயிருந்தது.

"என்ன இது, ரயில் ஏறிப் போச்சா?"

"என் மேலதான் ஏறிப் போச்சு," என்று நடந்ததையெல்லாம் கொட்டினாள். சாரோவின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டான்.

"திரும்பி வரும்போது நானே போறேன். நீ இடத்த விட்டு நகராத."

தூரி சிணுங்கினான். அவனை வாங்கிப் பால் கொடுத்தாள். வலி மெல்ல இறங்கியது. அப்பாடா! வண்டியும் கிளம்பியது, கதானியாவுக்குத்தான்.

"வேணாம். நான்தான் போவேன்," என்றாள் வெனேரா. "நீ அந்தத் துண்ட மட்டும் மறக்காம சன்னல்ல தொங்கவிடு."