பத்துக்கு இரண்டு

வருடம் முடிகிற நேரத்தில் எல்லாருக்கும் ஒரு கருத்து வந்துவிடும். எந்தப் பாட்டு நல்லது, எது குப்பை, எதை எங்கிருந்து சுட்டார்கள் என்று டிசம்பர் முழுக்க ஆளாளுக்கு நாட்டாமை செய்வார்கள். துஷானியும் மயூரதனும் அந்த நாட்டாமையை மூன்று வருடமாக யூடியூப்பில் செய்துவந்தார்கள். அந்த வருடத்து நம்நாட்டுத் தமிழ்ப் பாட்டுகளில் அதிகம் பேர் பார்த்த பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இருவரும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பிலிமத்தலாவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்த மயூரதனின் வாடகை அறைதான் ஸ்டூடியோ. மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டால் எதிரொலி வராது.

மயூரதன் எல்லாப் பாட்டுக்கும் ஏதாவது ஒரு நல்லதைத் தேடிச் சொல்லும் ரகம். துஷானி அப்படி இல்லை. அவள் நாக்கில் சுனை உண்டு, பட்டால் அரிக்கும், சனங்கள் பார்த்ததும் அதற்காகத்தான். அந்த வருடம் பத்தாவதாக வந்த பாட்டில் ஒரு பெண் முழு நேரமும் குளத்தங்கரையில் சேலையைப் பறக்க விட்டுக்கொண்டே இருந்தாள். "சேலைக்கு எட்டு, பாட்டுக்கு மூண்டு" என்றாள் துஷானி. ஏழாவதில் ஒருவன் காதலி விட்டுப்போனாள் என்று மழையில் நின்று அழுதான். "போன பிள்ளைக்குப் புத்தி இருக்கு" என்றாள். மயூரதன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்தால் அவளுக்கு உச்சி குளிரும். அவன் மேல் அவளுக்கு ஒரு இது இருந்தது, அதை இங்கே பெரிதாக்க வேண்டாம்.

அவள் பேசுவது யாழ்ப்பாணத்தார் பேச்சு. ஓம் என்பாள், எண்டு என்பாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு படித்த நாலு வருடத்தில் பிடித்துக்கொண்டது. உண்மையில் அவள் கண்டி மஹய்யாவவில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா செல்லச்சாமி முப்பத்தொரு வருடம் கண்டித் தெருக்களைக் கூட்டி ஓய்வு பெற்றவர். அந்த இடத்துப் பிள்ளைகள் படிவம் நிரப்பும்போது முகவரியில் மஹய்யாவ என்று எழுத மாட்டார்கள், கட்டுகஸ்தோட்டை வீதி என்று எழுதுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, பேனாவைப் பிடித்ததும் தானாக வந்துவிடும். துஷானி படிவத்தோடு நிறுத்தவில்லை, அவ்வளவுதான். கட்டுகஸ்தோட்டை வீதியில் வீடு, அப்பா அரசாங்க உத்தியோகம் என்று மயூரதனிடமும் சொல்லிவைத்திருந்தாள். அதிலே ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று தனக்குத்தானே வாதாடவும் செய்வாள்.

அந்த வருடம் முதலாவதாக வந்த பாட்டின் பெயர் 'பைப்படி'. எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். காலையில் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்பதைப் பற்றிய பாட்டு. மஹய்யாவ இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து, ரமேஸ் என்கிறவனின் தலைமையில், தங்கள் சந்திலேயே எடுத்தது. மேளமெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, நடுவில் ஒரே ஒரு இடத்தில் தோல் கட்டிய உண்மையான தப்புப் பறை ஒலிக்கும். அடித்தவர் செல்லச்சாமி. ஒரு நிமிடம் நாற்பதாவது செக்கனில் அவர் முகமும் வரும்.

துஷானி இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மூன்று செக்கன்தானே, கண் இமைப்பதற்குள் போய்விடும் என்று துணிந்துதான் வந்திருந்தாள். ஆனால் மயூரதன் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டான்.

"இந்த ஐயாவைப் பாரும் துஷா. என்ன ஒரு அடி! இந்த ஆள் இல்லாட்டி இந்தப் பாட்டே இல்லை."

பெரிய திரையில் அப்பா அசையாமல் நின்றார். அவருக்குப் பின்னால் வீட்டின் நீலக் கதவு. கதவுக்குப் பக்கத்துக் கொடியில் ஒரு மஞ்சள் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பூவேலை போட்டது. துஷானி குனிந்து தன் கழுத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் போட்டுக்கொண்டு வந்ததும் அதையேதான்.

அவன் கண் அந்தக் கொடிப்பக்கம் போகுமுன் எதையாவது பேச வேண்டும், பெரிதாகப் பேச வேண்டும். வாயில் முதலில் வந்ததை எடுத்து வீசினாள்.

"இதைப் பாட்டெண்டு சொல்லேலாது மயூ. தகரத்தில அடிக்கிற சத்தம். செத்தவீட்டில குடிச்சுப்போட்டு ஆடுற ஆக்களுக்குச் சரி, எங்களுக்கு எதுக்கு இது? பத்துக்கு ரெண்டு. அதுவும் பாவம் பார்த்து."

மயூரதன் சிரிக்கவில்லை. "நான் ஒன்பது" என்று மட்டும் சொன்னான். படம் நகர்ந்தது. அவன் சுடிதாரைக் கவனிக்கவே இல்லை. தப்பித்தோம் என்றுதான் அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்தால்தான் பிறகு அவளுக்கு உடம்பு கூசும்.

முப்பத்தோராம் திகதி மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி வெளியானது. பஸ்ஸில் வரும்போது அதற்குக் கீழே வந்து விழுந்த கருத்துகளுக்கெல்லாம் வழக்கம்போல வரிசையாக இதயம் போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றுக்குப் போட்ட பிறகுதான் அதை வாசித்தாள். 'சரியாச் சொன்னீங்க சிஸ்டர், அந்த ஆக்களுக்கு வேற என்ன தெரியும்' என்று இருந்தது. இதயத்தை எடுக்க விரல் போனது. எடுத்தால் எழுதியவன் ஏன் என்று கேட்பானே என்று அப்படியே விட்டுவிட்டாள். கோழைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

சந்துக்குள் நுழைந்தபோது ரமேஸின் வீட்டிலிருந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. கிழவர் குஞ்சு எல்லாம் சேர்ந்து, போனை டீவியில் மாட்டி, ரோல்ஸும் பிளேன்டீயுமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நம்ம பாட்டுக்கு நம்ம புள்ள மார்க் போடப்போகுது என்று ஒரு வாரமாக இதே பேச்சு. துஷானிக்குத்தான் தெரியாது, அவளிடம் சொல்லாமல் வைத்து அசத்த நினைத்திருந்தார்கள்.

ஒருவரும் ஏசவில்லை. நாலு சொல் ஏசியிருந்தால் அவளும் நாலு சொல் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா மட்டும் கிட்ட வந்து, "நல்லா இருந்த புள்ள. அந்த மஞ்ச சுடிதாரு ஒனக்கு எடுப்பா இருந்திச்சு" என்றாள். கொடியில் தொங்கியதை அவளும் பார்த்திருப்பாள். துஷானிக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வீட்டில் அப்பா தப்பைத் துணிப்பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்புட்டியாம்மா?" என்றார். பிறகு, "நல்லா பேசுன. யாழ்ப்பாணத்துப் புள்ளன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க" என்றார். குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே மெச்சினார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

விஷயம் அதோடு அடங்கியிருக்கும். மயூரதன் அடங்கவில்லை. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை போன் எடுத்தான்.

"துஷா, அந்தத் தப்படிக்கிற ஐயாவின்ர விலாசம் கிடைச்சிட்டுது. ரமேஸ் எண்ட பெடியன்தான் தந்தவன். நாளைக்குக் காலமை போய் ஒரு பேட்டி எடுப்பம். நீர் ரெண்டு போட்டனீர், நான் ஒன்பது போட்டனான், ரெண்டு பேரும் அவருக்கு முன்னால இருந்து கதைச்சால் எப்படி இருக்கும்! கட்டாயம் வாரும்."

ரமேஸ் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். அவள் வராவிட்டால் அவன் தனியாக வருவான், அப்பா பெருமையில் எதையாவது உளறுவார், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, "ஓம், வாறன்" என்றாள்.

சாயங்காலம் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அப்பா, நாளைக்கு ஒருத்தரு ஒங்களப் பாக்க வருவாரு. நானும் கூட வருவேன். ஆனா..." அதற்கு மேல் வரவில்லை.

செல்லச்சாமிக்கு விளங்கிவிட்டது. "ஒன்ன எங்களுக்குத் தெரியாத மாதிரி இருந்துக்கணும். அவ்வளவுதானே?"

இல்லை அப்பா என்று சொல்ல அவளுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா அலுமாரியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, நுவரெலியாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டாள். "எனக்கு நடிக்கத் தெரியாது" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள், போய்விட்டாள். துஷானியும் வீட்டிலிருந்து இறங்கி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய் மயூரதனுக்காகக் காத்து நின்று, அவனோடு முச்சக்கர வண்டி பிடித்துத் தன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். இப்படியும் ஒரு பயணம் உலகத்தில் யாராவது போயிருப்பார்களா தெரியாது.

சந்து முனையில் இறங்கியதும் மயூரதன் வழி தெரியாமல் நின்றான். வாளியோடு வந்த ரத்தினம்மாவை மறித்து, "அம்மா, செல்லச்சாமி ஐயாவின்ர வீடு எது?" என்று கேட்டான்.

ரத்தினம்மா துஷானியின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து இடுப்பில் தூக்கித் திரிந்தவள். "நேராப் போங்க தம்பி, அந்த நீலக் கதவு" என்றாள். பிறகு துஷானியிடம், "பாத்து வாங்க மிஸ், படி வழுக்கும்" என்றாள். பைப்படியில் நின்ற நாலைந்து பேரும் யாரோ புது ஆட்களுக்கு விலகுகிற மாதிரி விலகி வழிவிட்டார்கள். அப்பா ஊரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு சந்தே சேர்ந்து அவளுடைய பொய்யைக் காவல் காத்தது.

"வாங்க சார், வாங்க மிஸ்" என்று செல்லச்சாமி வாசலுக்கு வந்து கும்பிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டு, ஒன்றின் மேல் புதுத் துவாய் விரித்திருந்தார். அந்தக் கதிரையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். வெளியாட்கள் வந்தால் மட்டும் இறங்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, "சீனி அளவா இருக்கா மிஸ்?" என்று கேட்டார். அவளுக்குச் சீனி எத்தனை கரண்டி என்று அவருக்குத் தெரியாதா? அளவு சரியாகத்தான் இருந்தது.

மயூரதன் கமராவை முக்காலியில் நிறுத்தினான். செல்லச்சாமி அடித்துக் காட்டினார். பிறகு பேட்டி.

"எங்கட துஷா உங்கட பாட்டுக்கு ரெண்டு மார்க்தான் போட்டவ. கோவம் இல்லையோ ஐயா?"

"கோவம் என்னாத்துக்கு சார்? படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க செத்தவீட்டுக்கு அடிக்கிறவங்கதானே. மிஸ் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல." அவளைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார்.

துஷானி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயூரதன் கமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். நடுச்சுவரில் ஒரு ஆணி தனியாக நின்றது. அதன் கீழ் ஒரு சதுரம் மட்டும் புகை படியாமல் பளிச்சென்று இருந்தது. "இதில என்ன படம் ஐயா இருந்தது? நல்ல வடிவான இடம்."

"சாமிப் படம் சார். கண்ணாடி ஒடஞ்சிருச்சு, கழட்டிட்டோம்."

அங்கே இருந்தது சாமிப் படமில்லை. பட்டமளிப்பு அங்கியோடு துஷானி சிரித்துக்கொண்டிருக்கும் படம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் அப்பா உட்காரவே சொல்வார். அவள் நேற்று அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவராக யோசித்துக் கழற்றியிருக்கிறார்.

"பிள்ளையள் எத்தனை பேர் ஐயா?"

சும்மா கேட்ட கேள்விதான். செல்லச்சாமி மடியில் கிடந்த தப்பை விரலால் தடவினார்.

"இல்லீங்க சார். எங்களுக்குப் புள்ள இல்ல."

துஷானி கோப்பையைக் கீழே வைக்கப் போனாள், தேத்தண்ணீர் மடியில் கொட்டியது. சூடு தெரியவில்லை. "அப்பா" என்றாள். அவளுக்கே கேட்காத குரல். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "அப்பா, வேணாம்ப்பா. போதும்." பிறகு மயூரதன் பக்கம் திரும்பி, "இவரு எங்க அப்பா மயூ. இது எங்க வீடு. அந்த ஆணியில இருந்தது என் படம்" என்றாள். எண்டு, ஓம், எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மயூரதன் அவளைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தான். கமராவை நிறுத்தினான். செல்லச்சாமியின் கையைப் பிடித்து, "ஐயா, குறை நினைக்காதேங்கோ" என்றான். "நான் வெளியில நிக்கிறன் துஷா" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

செல்லச்சாமி பதறிப்போயிருந்தார். துவாயை இழுத்து அவள் மடியில் கொட்டிய தேத்தண்ணீரைத் துடைத்தார்.

"ஏம்மா சொல்லிப்புட்ட? நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்திச்சு?" என்றார். "ராத்திரியெல்லாம் மிஸ் மிஸ்னு சொல்லிச் சொல்லிப் பழகுனேன்ம்மா. ஒரு தடவகூட பெசகல, பாத்தியா?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். மார்க்குக்குக் காத்து நிற்கும் பிள்ளையைப் போல நின்றார். துஷானியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெளியாட்களுக்கென்று அவர் துடைத்துப் போட்ட கதிரையிலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.