ஏழுமலை அண்ணன் நேற்றுச் சொன்னது

கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். "நீங்க எழுதுனா யார் வருவாங்க?" என்று புதிதாக வரும் முதலாளிகள் கேட்பார்கள். முன்பென்றால் சண்டைக்கே போயிருப்பேன். இப்போது 2008-ஆம் வருஷத்துக் கும்மிடிப்பூண்டியை நினைத்துக்கொள்கிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் மீன்சாப்பாட்டு மெஸ் வைத்திருந்த ஏழுமலை அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவர் சரியென்றதால் அவர் பெயரில் நான்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அப்போதைய ஃபேஸ்புக்கான ஆர்குட்டில் எழுதினேன். "இன்னிக்கு மடவை மீனு வந்துகீது. லேட்டா வந்துட்டு என் மூஞ்சப் பாக்காத." இதைப் போய் யார் படிப்பார்கள் என்று என் மேலேயே எரிச்சலாக வரும்.

ஒரு மதியம் கம்பெனிப் பையன்கள் கும்பலாக மெஸ்ஸுக்கு வந்தார்கள். "அண்ணே, லேட்டாயிடுச்சு. மூஞ்சப் பாக்கலாமா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் அண்ணனும் சிரித்துவைத்தார்.

மறுநாள் காலையில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பிரவுசிங் சென்டருக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"ஜபீனு, நேத்து நான் இன்னா சொன்னேன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா. பசங்க வந்து கேட்டா எனக்குத் தெரிய வேணாமா?"