நீலக் களிமண் மேல் ஒரு சிரிப்பு

1

இந்தக் கதை என் காலணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அமெரிக்கப் பாலைநிலத்துச் சின்லே பாறையடுக்கின் சாம்பல்நீலக் களிமண். இரண்டு வாரமாகியும் போகவில்லை. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘இருபது கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே ஆறுகள் ஓடியபோது—’

வேண்டாம். அவ்வளவு தூரத்திலிருந்து நடந்துவந்தால் லீவாயைச் சந்திப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடும்.

2

லீவாய் அந்தப் பக்கத்து நவஹோ பழங்குடிக்காரன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். (என்னைப் போலவே இருக்கிறானே என்று, வேறுபடுத்த ஒரு மீசை வைத்து எழுதிப் பார்த்தேன். பயனில்லை.) அவன் அக்கா வெர்லிண்டாவின் மூன்று மாதக் குழந்தை இன்னும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அவர்கள் வழக்கப்படி, முதன்முதலில் சிரிக்கவைப்பவர்தான் ஆடு அடித்து விருந்து போடவேண்டும். அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும்.

“நீ மட்டும் அவகிட்ட வேடிக்கை காட்டிடாதடா. உன் மூஞ்சி வந்துடப்போகுது” என்பாள் அக்கா.

அவனோ தினமும் யாரும் இல்லாதபோது குழந்தையிடம் முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்தான். அது நீதிபதிபோல் பார்க்கும்.

3

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுத் திரும்பும் மதியம். காலையில் மழை. காய்ந்த களிமண் பொரிபோல் உப்பி நொறுங்கும், நனைந்தால் சோப்பு. மேல்தோல் வெளுத்திருந்ததை நம்பி லீவாய் குறுக்குவழியில் வண்டியை விட்டான். அச்சுவரை இறங்கியது.

“காஞ்சிடுச்சுன்னு சொன்னே?”

“மேல காஞ்சிருக்குக்கா.”

“நாம இப்ப மேலயாடா இருக்கோம்?”

இறங்கித் தள்ளினான். வழுக்கி விழுந்தான். எழுந்தான். விழுந்தான். மூன்றாவது முறை எழவில்லை, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.*

[இங்கே ஒரு நீண்ட மௌனம் வேண்டும். எழுதத் தெரியாததால் இந்த அடைப்புக்குறி.]

வண்டிக்குள் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

4

“நான்தான்!” என்று கத்தினான் லீவாய்.

“நீயா? களிமண்ணுடா சிரிக்க வச்சது!”

“அப்ப களிமண்ணையே ஆடு அடிக்கச் சொல்லு.”

முடிவு ஒன்று: களிமண்ணின் குணம் வருகிறது. ஒரு மழை போதும், யாரையும் விடமாட்டாள்.

முடிவு இரண்டு: மாமனின் குணம் வருகிறது. அவளும் யாரிடமும் பேசாமல், ஜன்னலோரம்—

இரண்டு முடிவையும் அடித்துவிட்டேன்.

* முன்பே சொல்லியிருக்க வேண்டும்: சேற்றில் உட்கார்ந்து முதலில் சிரித்தவன் லீவாய். அக்காவே அதுவரை கேட்டிராத சிரிப்பு.

5

விருந்து நடக்கிறது. ஆடு லீவாயுடையது. குழந்தையின் உள்ளங்கையில், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க உப்பு. அந்தக் கையை அவன்தான் தாங்கிப் பிடித்திருக்கிறான். வெர்லிண்டா வருகிறவர்களையெல்லாம் கேட்கிறாள்: “நீங்களே சொல்லுங்க, சிரிக்க வச்சது யாரு?”

வரிசையில் அடுத்தது நீங்கள். உப்பை வாங்கிக்கொள்ளுங்கள். லீவாய் ஒன்றும் கேட்கமாட்டான். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.