கண்ணாடி இல்லாத கார்

கச்சிராயபாளையம் ரோட்டில் தன் வீட்டெதிரே லாரியை நிறுத்தச் சொன்னாள் அனிட்டா. அவள் வடிவமைத்த மின்சாரக் கார் அதன்மேல், தார்ப்பாய்க்குள் இருந்தது. கல்வராயன் மலையில் அதை வைத்து விளம்பரப் படம் எடுக்கப் போகிறார்கள்.

அம்மா உபகாரமேரி, வேளாங்கண்ணியில் மந்திரித்த ஜெபமாலையோடு லாரியில் ஏறினாள். டிரைவர் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் ஜெபமாலை மாட்டாமல் அந்த வீட்டிலிருந்து எந்தப் புது வண்டியும் கிளம்பியதில்லை. தார்ப்பாயை விலக்கி, காருக்குள் தலையை விட்டுத் தேடினாள்.

“இன்னாடி, கண்ணாடியே காணோம்? எங்க மாட்றது?”

“கெடையாதும்மா. எல்லாம் கேமராதான்.”

“மலையில அவ்ளோ வளைவு இருக்குது. வெறுமனே ஓட்டினு போவியா?”

அம்மாவிடம் போனில் எவ்வளவு பீற்றியிருக்கிறாள்! அனிட்டாவின் முகம் சுருங்கியது. “இது ஓடாதும்மா. வெறும் மாதிரிதான். உள்ள மோட்டாரே இல்ல.”

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தாள். உபகாரமேரியோ காரின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு இறங்கினாள். முன்பக்கம் போய் லாரி டிரைவர் முருகனிடம் ஜெபமாலையை நீட்டினாள்.

“உன் கண்ணாடில மாட்டிக்கப்பா. எம்பொண்ணு வண்டி இன்னும் நடக்கல. பத்திரமா தூக்கினு போ.”